ஆரிட்டை வந்தனீங்கள்?

ஊர்காவற்றுறை இறங்குதுறையில்
பத்து மணி வள்ளம் பத்தே முக்காலுக்கும் அசையவில்லை.
சீமெந்துக்குப் போன ஆள் இன்னும் வரவேணுமாம்.
ஒருவரும் கோபிக்கவில்லை.
காஸ் சிலிண்டர், கோழித்தீன், பாண் பெட்டி,
நிலையோடு ஒரு புதுக் கதவு,
இவற்றுக்கு நடுவே
எதையும் கொண்டுபோகாத ஒருத்தியாய் நான்.
வங்கி லீவுப் படிவத்தில்
காரணம் என்ற கட்டத்துக்குள்
சொந்த அலுவல் என்று எழுதியிருந்தேன்.

கதவுக்காரர்தான் முதலில் கேட்டார்.
"எழுவைதீவிலை ஆரிட்டை?"
"ஒருத்தரிட்டையும் இல்லை."
"பள்ளிக்கூடத்துக்கோ?"
"இல்லை."
"அப்ப காணி பார்க்க."
"இல்லையண்ணை, சும்மா."
அவர் கதவை ஒருமுறை தடவிவிட்டு
மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு கடல்.
ஆழமில்லாத, பச்சையான, அடி தெரிகிற கடல்.
வலைக்கம்புகளின்மேல் நீர்க்காகங்கள்
செட்டையை விரித்துக் காயவிட்டிருந்தன,
கச்சேரியில் கூப்பிடும்வரை காத்திருப்பவர்கள் போல.

தீவில் இறங்கியதும் கடைக்காரி கேட்டாள்.
கிணற்றடியில் இரண்டு பேர் கேட்டார்கள்.
குடையோடு போன ஒரு சிஸ்டர்
நின்று, குடையை மடக்கிவிட்டுக் கேட்டார்.
"ஆரிட்டை வந்தனீங்கள்?"
ஒழுங்கை முழுக்க அந்தக் கேள்வி
எனக்கு முன்னால் நடந்து போய்
படலைகளைத் திறந்து வைத்தது.

ஆறாவது தரம், சைக்கிளில் வந்த பெடியனிடம்
களைத்துப்போய்ப் பொய் சொன்னேன்.
கோயில் மணிக்கூண்டில் வாசித்த பெயர்.
உபயம்: யோ. எமிலியானா.
"எங்கட அம்மாவிட்டையோ!" என்றான்.
"ஏறுங்கோ."

எமிலியானாவின் கையெல்லாம் மீன்செதில்.
என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.
சொன்னேன், உள்ளதை உள்ளபடி.
பலகையை, ஐந்து பேரை, ஆறாவதாக மகனை.
கத்தியைக் கீழே வைத்துவிட்டு
தோள் குலுங்கச் சிரித்தார்.
தேத்தண்ணி வந்தது.
உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி.

"சும்மா வாறதெண்டால், வந்து என்ன செய்யிறது?"
நடக்கிறது, பார்க்கிறது,
களைச்சால் இருக்கிறது என்றேன்.
சொல்லும்போதே வெட்கமாய் இருந்தது.
அவர் சிரிக்கவில்லை.
தெற்கே, தண்ணீருக்கு மேல்
தடித்த ஒரு கோடாய்க் கிடந்த கரையைக் காட்டினார்.
"உது அனலைதீவு.
பிறந்த நாளிலையிருந்து பார்க்கிறன். போனதில்லை.
மன்னார் போயிருக்கிறன், மண்டபம் காம்ப் போயிருக்கிறன்,
வன்னியிலை பேர் தெரியாத இடமெல்லாம் போயிருக்கிறன்.
எல்லாம் ஓடிப் போனது.
உதிலை அலுவல் ஒண்டும் வரேல்லை."

செதில் கழுவிய தண்ணீரைத்
தென்னையடியில் ஊற்றினார்.
சீலை மாற்றினார்.
"தம்பி, அடுப்பைப் பார்."
அவ்வளவுதான்.

மத்தியான வள்ளத்தில் நாங்கள் இரண்டு பேர்,
ஒரு ஆடு, மின்சாரசபைக்காரர் ஒருவர்.
எமிலியானா செருப்பைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

அனலைதீவு இறங்குதுறையில்
கயிறு கட்டியவன் கேட்டான்.
"ஆரிட்டை வந்தனீங்கள்?"
நான் அவரைக் காட்டினேன்.
அவர் என்னைக் காட்டினார்.

ஊருக்குள் போவோம் என்று நினைத்தேன்.
அவர் போகவில்லை.
இறங்குதுறை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு
வந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
காற்று. டீசல் மணம்.
ஒரு கோப்பை தேத்தண்ணி ஆறுகிற நேரம்.
"அந்தா, மினுங்குதே ஒரு தகரம்,
அது என்ர குசினி" என்றார்.
பிறகு, மெதுவாக,
"இவ்வளவு கிட்டவோ."

எனக்கு ஒரு கோடுதான் தெரிந்தது.
தெரியுது என்றேன்.
அன்றைக்கு அது இரண்டாவது பொய்.

வள்ளக்காரர் இரண்டு தரம் கூப்பிட்டார்.
வாறம், வாறம் என்று சொல்லிக்கொண்டு
எமிலியானா எழும்பாமல் இருந்தார்.